குரலுக்குப் பட்டா

ஒலிப்பதிவுக் கூடங்களில் அவளுக்கு ஹம்மிங் அக்கா என்று பெயர். படத்தில் கதாநாயகி மழையில் நனையும்போதும், கதாநாயகன் ரயிலைத் தவறவிடும்போதும், பின்னால் வார்த்தையே இல்லாமல் ‘ம்ம்ம்’ என்று ஒரு பெண்குரல் இழையுமே, அது அவளுடையது. பாட்டு எழுதியவர் பெயர் திரையில் வரும். டீ கொடுத்தவர் பெயர்கூட ஒரு படத்தில் வந்தது. அவள் பெயர் மட்டும் வந்ததில்லை. அவளும் அதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறந்ததில்லை, தொழில் அப்படி.

“வாயைத் திறக்காமலே சம்பாதிக்கிற பொம்பளை உலகத்துலயே நீ ஒருத்திதான்” என்பார் அவள் கணவர். அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பெரிய குளிர்பதனக் கிடங்குகளுக்குக்கூட அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், இசைக்கலைஞர் நலச் சங்கத்தின் தலைவர் ஒரு நாள் கலைஞர்களுக்கு விடுதலை வாங்கித் தருவதென்று முடிவெடுத்தார்.

தலைவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவர் இளமையில் ஒரே ஒரு பாட்டில் கிலுகிலுப்பை ஆட்டியவர். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு முப்பது வருடமாகத் தலைவராக இருக்கிறார். யார் எந்தப் பாட்டில் வாசிக்கலாம், யாருக்கு எப்போது சம்பளம் போய்ச் சேரலாம் என்பதெல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும். தாண்டும்போது சற்று இளைத்துவிட்டும் போகும்.

சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். பக்கத்தில் அவருடைய மச்சினர் மகன், கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றான். அவன்தான் தொழில்நுட்ப ஆலோசகர்.

“நண்பர்களே! நமக்கும் ரசிகனுக்கும் நடுவுல முப்பது வருஷமா தரகர்கள் உக்காந்திருக்காங்க. நம்ம உழைப்பை உறிஞ்சுறாங்க. யார் அவங்க?” என்று முழங்கினார் தலைவர்.

கூட்டம், மரியாதை கருதி, அவரைத் தவிர மற்ற எல்லாத் திசைகளிலும் பார்த்தது.

“அவங்களை ஒழிக்கத்தான் பிளாக்செயின் வந்திருக்கு!”

ஆலோசகர் ஒலிவாங்கியைக் கையில் வாங்கி விளக்கினார். பிளாக்செயின் என்பது ஒரு கணக்குப் பேரேடு. அது ஒரு இடத்தில் இருக்காது. உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே சமயத்தில் இருக்கும். அதில் ஒரு பாட்டைப் பதிந்துவிட்டால் அதற்கு என்.எஃப்.டி. என்று ஒரு டோக்கன் கிடைக்கும். வீட்டுக்குப் பட்டா மாதிரி, பாட்டுக்கு அது. யார் வேண்டுமானாலும் வாங்கலாம், விற்கலாம்.

“எழுதினதை யாராலயும் அழிக்க முடியாது, மாத்தவும் முடியாது” என்றார் ஆலோசகர்.

வயலின்காரர் ஒருவர் எழுந்தார். “தப்பா எழுதிட்டா, தம்பி?”

“தப்பையும் யாராலயும் அழிக்க முடியாது சார்!”

பலத்த கைதட்டல்.

தரகர்களை ஒழிக்கும் பணி மறு வாரமே சங்கக் கட்டடத்தில் வரிசையாகப் போட்ட மேசைகளில் தொடங்கியது. முதல் மேசையில் ‘வாலட்’ என்ற கணினிப் பணப்பையைத் திறந்து கொடுக்க ஒருவர். அடுத்த மேசையில் ரகசியச் சொல் கொடுக்க ஒருவர். அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று எச்சரிக்க இன்னொருவர். எச்சரிக்கை புரிந்ததா என்று பார்ப்பதற்காக அவரிடம் அதை ஒருமுறை சொல்லிக் காட்டவேண்டியிருந்தது. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கட்டணம். இடையில் ஒருவரும் இல்லாத முறை என்பதால், இத்தனை பேரும் ஓரத்தில் இருப்பதாகச் சங்கத்தின் சுற்றறிக்கை விளக்கியது.

ஹம்மிங் அக்காவின் முறை வந்தபோது அவளுக்கு மார்பில் சளி கட்டியிருந்தது.

“தொண்டை சரியில்ல தம்பி. அடுத்த வாரம் வரட்டுமா?”

“அக்கா, மார்க்கெட் காத்திருக்காது. ‘ம்ம்ம்’ தானே? அதுல சளி என்ன, சர்க்கரை என்ன? சும்மா குடுங்க” என்றார் ஆலோசகர்.

அவள் கொடுத்தாள். பாதியில் ஒரு கரகரப்பு வந்தது. அதுவும் பதிவாயிற்று. பிறகு கைபேசியில் ஒரு ஒப்பந்தம் விரிந்தது. அதன் அடியில் இருந்த ‘சம்மதம்’ பொத்தானைப் போய்ச் சேர்வதற்குள் அவள் கட்டைவிரல் வலித்துவிட்டது. தள்ளிய வேகத்தில் யார்தான் படிப்பார்கள்? அழுத்தினாள்.

குரலை மட்டும் யாரும் வாங்க மாட்டார்களாம். கூடவே ஒரு படம் வேண்டுமாம். கறுப்புக் கண்ணாடி மாட்டிய ஒரு கழுதைப் படத்தை ஆலோசகர் ஒட்டினார்.

“பாடுறவ பக்கத்துல கழுதையா தம்பி?”

“கழுதைதான்க்கா இப்ப டிரெண்டு.”

கழுதை சுடச்சுட விலைபோயிற்று. யாரோ ஒரு சேகரிப்பாளர் வாங்கிவிட்டதாகத் தலைவரே தொலைபேசியில் வாழ்த்தினார். அவள் பங்கு வாலட்டில் நாணயமாக விழுந்தது. அந்த நாணயத்தைச் சாதாரணப் பணமாக மாற்றுவதற்கு இன்னும் சில மேசைகள் இருந்தன. அவை இன்னும் போடப்படவில்லை.

“நாய் வித்த காசு குரைக்காதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இது வீட்டுக்கே வராது போலிருக்கே” என்றார் கணவர்.

அதோடு போயிருந்தால் கதையே இல்லை. ஒரு பெரிய படத்துக்குப் பாட ஓர் இசையமைப்பாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். படம் முழுக்க அவள் ஹம்மிங்தானாம். இந்த முறை திரையில் பெயரும் உண்டு என்றார். அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். கண்ணாடி அறைக்குள் நின்று, ஹெட்போனை மாட்டி, சிவப்பு விளக்கு எரிந்ததும் இழுத்தாள். நாலு வினாடி ஆகியிருக்காது. ஒலிப்பதிவாளரின் கணினி அலறியது. திரையில் கழுதை வந்து நின்றது. கீழே: ‘உரிமை மீறல். இக்குரல் பிறருக்குச் சொந்தமானது.’

இசையமைப்பாளர் நல்ல மனிதர். தலையைச் சொறிந்தார். “தப்பா நெனைக்காதீங்கக்கா. வழக்கு கிழக்குன்னு வந்தா தயாரிப்பாளர் என்னை உரிச்சிடுவார். உங்ககிட்ட வேற ஏதாவது ம்ம்ம் இருக்கா?”

“ம்ம்ம்ல வேற என்ன சார் இருக்கு? அது ஒண்ணுதானே.”

அந்தப் படத்தில் ஹம்மிங் வர வேண்டிய இடத்திலெல்லாம் ஒருவர் விசிலடித்தார். அவள் பேருந்தில் வீட்டுக்கு வந்து, நல்ல புடவையை மடித்து வைத்தாள்.

அதற்குப் பிறகு எந்தக் கூடமும் அவளை அழைக்கவில்லை. வீட்டிலும் பாட முடியவில்லை. குரல் திருட்டைப் பிடிப்பதற்காகச் சங்கம் கூடங்களின் கணினிகளில் மட்டுமல்ல, எல்லா உறுப்பினர் கைபேசியிலும் ‘குரல் காவலன்’ என்று ஒரு செயலியை ஏற்றியிருந்தது. பாத்திரம் துலக்கும்போது பழக்கத்தில் ஒரு இழை வந்துவிட்டால் போதும், அலமாரிமேல் இருந்த கைபேசி கழுதைக் குரலில் கத்தும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு துலக்கினாள்.

“ஏம்மா, வீடே கம்ப்ரஸர் நின்னுபோன ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கு. லைட்டு எரியுது, உள்ள எல்லாம் கெட்டுப்போகுது. போய்த் தலைவரைக் கேளு” என்றார் கணவர்.

“கேட்டா என்னங்க சொல்லிடப் போறாரு?”

“அதையாவது கேட்டுட்டு வா.”

தலைவரின் அறையில் ஏசி குளிரில் உடம்பு விறைத்தது. மேசையில் நாலு தொலைபேசிகள். சுவரில் அவரே அவருக்கு மாலை போடுவது போல ஏதோ கோணத்தில் எடுத்த படம்.

“புகார் குடுக்கணும் சார். யார்கிட்ட குடுக்கறது?”

“யார்கிட்டயும் குடுக்க முடியாது தங்கச்சி” என்றார் தலைவர், கனிவோடு. “இதுல மையமே கிடையாது. அதிகாரம் எல்லார்கிட்டயும் பரவி இருக்கு. அதனால பொறுப்பு யார்கிட்டயும் இல்ல. அதுதானே இதோட அழகே!” மணியை அழுத்தினார். உதவியாளர் ஓடி வந்தார். “அம்மாவுக்கு டீ சொல்லு. அவங்க கணக்குல எழுதிக்க.”

ஆலோசகர் ஒரு வழி சொன்னார். ஒப்பந்தத்தின் அடியாழத்தில் ஒரு விதி இருந்தது: மூலக் கலைஞருக்குத் தன் குரலைத் தானே பயன்படுத்த விலக்கு உண்டு. ஆனால் தான்தான் மூலக் கலைஞர் என்று அவர் நிரூபிக்க வேண்டும்.

“நான்தானே தம்பி பாடினேன்? நீதானே பதிஞ்சே?”

“எனக்குத் தெரியும்க்கா. ஆனா எனக்குத் தெரியறது ஆதாரம் கிடையாது. செயினுக்குத் தெரியணும்.”

சோதனை நடந்தது. குரல் சரிபார்ப்புக் குழு என்று மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் தலைவரின் தம்பி, ஒருவர் கட்டட ஒப்பந்தக்காரர், மூன்றாமவர் உண்மையிலேயே இசை தெரிந்தவர், அவரைப் பேசவிடவில்லை. அவள் ஒலிவாங்கிமுன் நின்று பாடினாள். நாள்கணக்கில் அடக்கி வைத்திருந்ததால் தேன் போல வந்தது. இயந்திரம் யோசித்து எண்பத்து மூன்று சதவீதம் என்று காட்டியது.

“போலி” என்றார் தலைவரின் தம்பி. “ஆனா நல்ல போலி.”

“அய்யா, அன்னிக்கு எனக்குச் சளி. அதான் வித்தியாசம்.”

“சளியைப் பத்தி செயின்ல ஒண்ணும் இல்லம்மா. பிளாக்செயின் பொய் சொல்லாது. மனுஷங்கதான் சொல்லுவாங்க.”

‘தரமான போலி’ என்று ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள்.

அதைப் பார்த்ததும் கணவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் கத்த மாட்டார். பழுது பார்க்கக் கிளம்புவார். “சளிதானே வேணும்? அது என் டிபார்ட்மென்ட்” என்றார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போன குளிர்பதனக் கிடங்குக்கு அவளையும் கூட்டிப்போனார். உறைந்த மீன் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு முக்காலி போட்டு, ஈரத்தலையோடு உட்கார வைத்தார். அவ்வப்போது கதவைத் திறந்து, “பிடிச்சுதா?” என்று கேட்பார். “இன்னும் இல்லங்க” என்று உள்ளேயிருந்து பதில் வரும். சாயங்காலம் பதில் தும்மலாக வந்தது. இருபது வருட தாம்பத்தியத்தில் ஒரு தும்மலுக்காக அவர்கள் இருவரும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இரண்டாம் சோதனையில் மூக்கு அடைத்து, கண் சிவந்து, அதே கரகரப்போடு பாடினாள். இயந்திரம் நூறு சதவீதம் என்று காட்டியது.

அவள் சிரித்தாள். குழு சிரிக்கவில்லை. தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். ஆலோசகர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அக்கா, ஒரு சிக்கல். உயிரோட இருக்கற மனுஷி ஒரே மாதிரி ரெண்டு தடவை பாட மாட்டா. நூத்துக்கு நூறு வர்றது பிரதிக்கு மட்டும்தான்.”

“அப்ப நான் யாரு தம்பி?”

“கள்ளப் பிரதி.”

இசை தெரிந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையில் பிஸ்கட் தட்டைக் கொடுத்தார்கள்.

“விதிப்படி கள்ளப் பிரதிகளை அழிச்சிடணும்” என்று படித்துவிட்டு ஆலோசகர் அவளை மேலும் கீழும் பார்த்தார். தலைவர் குறுக்கிட்டார். அவர் இளகிய மனசுக்காரர். “நம்ம தங்கச்சிப்பா. அடையாளமா செஞ்சாப் போதும்” என்றார். அவள் சங்க அட்டையை வாங்கி, அவள் புகைப்படத்தின் மேலேயே ‘அழிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள்.

மிச்சம் இருந்தது உரிமையாளர் மட்டும்தான். தலைவர் வீட்டு விசேஷப் படங்களில் எல்லாம் அந்தச் சேகரிப்பாளர் நின்றிருந்ததால், முகவரி கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. உயரமான கட்டடத்தின் மேல்மாடி. கணவரும் வருவதாகச் சொன்னார். அவள்தான் கீழேயே இருக்கச் சொன்னாள். அவர் பையில் ஸ்பேனர் இருந்தது.

சேகரிப்பாளர் அன்பாகத்தான் வரவேற்றார். கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள். ஒன்றிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கழுதை.

“இது வயலின்காரர். அது புல்லாங்குழல். தலைப்பா கட்டினது தபலா. எல்லாரும் என் கலைஞர்கள்” என்று காட்டினார். “இதோ நீங்க!”

“கேட்டீங்களா சார்? எப்படி இருந்தது?” அவளையும் மீறி வந்த கேள்வி அது. இத்தனை வருடத்தில் ஒரு ரசிகரை அவள் நேருக்கு நேர் பார்த்ததே இல்லை.

“சேச்சே! கேட்கறதா? புது வண்டியை ஓட்டினா மதிப்பு எறங்கிடும் இல்லையா? நான் எதையும் கேட்கறதில்ல.”

அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். ஸ்டூடியோ இல்லாவிட்டாலும் போகட்டும்; பாத்திரம் துலக்கும்போது மட்டும் பாடிக்கொள்ள அனுமதித்தால் போதும்.

அவர் நியாயமாக யோசித்தார். “ஜன்னல் திறந்திருக்குமா, மூடியிருக்குமா?” என்று கேட்டார். பிறகு, “அதில்லம்மா. நீங்க பாடாம இருக்கற வரைக்கும்தான் இது அரிது. நீங்க பாடிட்டே இருந்தா நான் வாங்கினதுக்கு என்ன அர்த்தம்?” சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கு உடம்பெல்லாம் எப்படி? சுகர், பிரஷர் ஏதாவது?”

“ஒண்ணும் இல்ல சார். நல்லா இருக்கேன்.”

“ஓ” என்றார் அவர். ஏமாற்றத்தை மறைக்க முயன்றது தெரிந்தது.

அவள் எழுந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. காது மடல்கள் சூடாயின. கீழே வந்ததும் கணவர் கையில் கைபேசியைக் கொடுத்து, “அந்தக் காவலனை எடுத்துத் தொலைங்க” என்றாள்.

“எடுத்தா அபராதம்னு போட்டிருக்கான்.”

“அழிச்ச ஆளுக்கு எப்படிங்க அபராதம் போடுவான்?”

கணவர் அவளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு எடுத்தார்.

இதற்குள் உலகத்தில் வேறொன்று நடந்துவிட்டது. ஒரு காலையில் கழுதைகள் எல்லாம் விலை சரிந்தன. ஏன் ஏறியது என்று எப்படி யாருக்கும் தெரியாதோ, அப்படியே ஏன் இறங்கியது என்றும் யாருக்கும் தெரியவில்லை. ஆலோசகர் மேற்படிப்புக்காக வெளிநாடு போனார். என்ன படிப்பு என்பது அவர் போன வேகத்தில் காதில் விழவில்லை. சேகரிப்பாளர் சங்க வாசலில் வந்து நின்று கத்தினார். எதையும் கேட்காதவர் அன்று கேள்வி கேட்டார்.

தலைவர் அசரவில்லை. உடனே விழா எடுத்தார். ‘குரல் திருப்பியளிக்கும் பெருவிழா’. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, அவரவர் குரலை வெல்வெட் பெட்டியில் வைத்துப் பெற்றுக்கொள்ள வேண்டும். பெட்டிக்கு ஒரு சின்னக் கட்டணம்.

“கலைஞனின் குரலைக் கலைஞனுக்கே குடுக்கிற முதல் சங்கம் நம்ம சங்கம்தான்!” என்று பேசினார். அதை எடுத்த முதல் சங்கமும் அதுதான் என்பதைத் தன்னடக்கத்தால் விட்டுவிட்டார். பைசா பெறாத கழுதைகளைத் திருப்பித் தந்துவிட்ட சேகரிப்பாளரைச் சமாதானப்படுத்தி முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

வயலின்காரர் போய் வாங்கினார். புல்லாங்குழல்காரர் வாங்கினார். அழிக்கப்பட்டவள் என்றாலும், பெருந்தன்மையாக ஹம்மிங் அக்காவையும் கூப்பிட்டார்கள். தலைவர் பெட்டியை நீட்டினார். புகைப்படக்காரர் குனிந்தார்.

“வேணாம் சார்” என்றாள்.

தலைவர் சிரித்த முகத்தை மாற்றாமல், பல்லிடுக்கில் சொன்னார். “வாங்கிக்க தங்கச்சி. உன் குரல்.”

“அது எங்கிட்டதான் சார் இருக்கு.”

“இது இல்லாம எப்படிப் பாடுவ?”

“தொண்டையாலதான்.”

ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்டுவிட்டது. யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்து, வாயைத் திறக்காமலே தொடங்கினாள். சிவப்பு விளக்கு இல்லை, ஹெட்போன் இல்லை, மழையில் நனைய எந்தக் கதாநாயகியும் இல்லை. அவளுக்கே தெரியாத ஒரு மெட்டு எங்கிருந்தோ வந்து, இடுப்பொடிந்து வீடு திரும்பியவர் நாற்காலியில் சாய்வது போல மெல்ல இறங்கியது. கடைசி வரிசையில் நின்ற கணவர், தும்முவது போல முகத்தைத் திருப்பிக் கைக்குட்டையை எடுத்தார்.

சேகரிப்பாளர் பக்கத்து நாற்காலிக்காரரின் கையைப் பிடித்தார். “என்னங்க இது? உயிரை உலுக்குதே! இது எங்க கிடைக்கும்?” என்றார்.

முடிந்ததும் எழுந்த கைதட்டலில், அவள் பக்கப் படிகளில் இறங்கி, கணவரோடு வெளியே நடந்துவிட்டாள். பேருந்து நிறுத்தத்தில் இசையமைப்பாளரின் அழைப்பு வந்தது. விசில் சரியாக வரவில்லையாம். நாளைக் காலை வர முடியுமா என்று கேட்டார். “வர்றேன் சார். பேரு போடுவீங்கல்ல?” என்று அவள் வாயைத் திறந்தே கேட்டாள்.

உள்ளே மேடையில் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் உண்மையிலேயே நெகிழ்ந்திருந்தார். அந்த நெகிழ்ச்சியில்தான் அவருக்கு அது தோன்றியது.

“நண்பர்களே! இப்ப நீங்க பார்த்தது என்ன? ஒரு புரட்சி! கலைஞர் பாடுறார், ரசிகர் கேட்கறார். நடுவுல ஒருத்தரும் இல்ல. கரண்டு வேணாம், கணினி வேணாம், ரகசியச் சொல் வேணாம். தொண்டைங்கற இந்தத் தொழில்நுட்பத்தை நம்ம சங்கம்தான் உலகத்துக்கே அறிமுகப்படுத்துது! இதுல தரகர்கள் நுழைஞ்சிடாம பாத்துக்க, என் தலைமையில ஒரு குழு அமைக்கிறேன். உறுப்பினர்கள் எல்லாரும் நாளைக்கே வந்து அவங்கவங்க தொண்டையைப் பதிவு பண்ணிக்கணும்.”

பலத்த கைதட்டல்.

மறுநாள் காலை சங்கக் கட்டடத்தில் மேசைகள் போட்டாயிற்று. வரிசையில் முதல் ஆளாக நின்றவர் வயலின்காரர். அவர் வாழ்நாளில் ஒரு வரி பாடியதில்லை. இருந்தாலும், எதற்கும் இருக்கட்டுமே என்று, தொண்டையைப் பதிந்துகொண்டு போனார்.